வி-கிராஸுக்கு எந்த லீஃப் ஸ்பிரிங் பட்டை போடலாம்?

வணக்கம் அண்ணன்மாரே. ஊரு பேரையூர் பக்கம். இசுசு வி-கிராஸ் பிக்கப் வச்சிருக்கேன், இன்னும் கம்பெனி சஸ்பென்ஷன்தான். சாப்டூர் மலையடிவாரத்துல தோப்பு. தார் ரோட்டை விட்டு இறங்கினா ஓடைக்கல்லும் மணலும்தான், மழை பெஞ்சா பாதையே அரிச்சுப் போயிடும்.

தேங்காய் மூட்டை ஏத்தினா பின்னாடி லீஃப் பட்டை கிட்டத்தட்ட நேராகிடுது. ஓடையில இறங்கும்போது பம்ப் ஸ்டாப் ரப்பர்ல டங்குனு அடிக்குது. இடது பின் ஷாக்கைத் துடைச்சுப் பார்த்தா, ராடு ஓரமா ஆயில் கசிஞ்சு செம்மண் அப்பியிருக்கு. எப்படியும் மாத்தணும், நல்லதாவே போட்டுடலாம்னு இருக்கேன்.

ஓல்ட் மேன் ஈமு, அயர்ன்மேன்னு ரெண்டு சஸ்பென்ஷன் கம்பெனியைப் பார்த்து வச்சிருக்கேன். ஷாக்ல குழப்பம் இல்ல, பட்டையிலதான். அறுவடை சமயம் லோடு, மத்த நாள் காலி வண்டி. அதுலதான் அம்மாவ மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், அவங்களுக்கு இடுப்பு வலி. நிரந்தர லோடுக்கான பட்டை போட்டா காலியா போகும்போது தூக்கித் தூக்கிப் போடுமே?

உயரம் 40 மி.மீ. ஏத்தினா எனக்குப் போதும். அதுக்கு மேல போகப் போக முன் சக்கரத்தைச் சுத்த வைக்கிற சிவி ஜாயிண்ட் கோணம் கூடி, அதுவும் அது மேல இருக்கிற ரப்பர் பூட்டும் சீக்கிரம் தேயும். முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற மேல் கண்ட்ரோல் ஆர்மும் மாத்த வேண்டி வரும்.

இதுல லோடு ஓட்டுறவங்க, எந்தப் பட்டை, காலியா ஓட்டினா எப்படி இருக்குனு சொல்லுங்கண்ணே. மதுரையிலயோ திண்டுக்கல்லயோ மாட்டி முடிச்சு, கேம்பர் கேஸ்டர்னு வீல் அலைன்மென்ட் எல்லாம் ஒழுங்கா பார்த்துக் கொடுக்கிற பட்டறை தெரிஞ்சாலும் சொல்லுங்க. அடுத்த வெட்டுக்கு முன்னாடி முடிக்கணும்.