டோட்டோ மொழிக்குத் தனி எழுத்து: தேவையா, வீண் வேலையா?

மலைப்பாதை:
மேற்கு வங்கத்தில் பூட்டான் எல்லையோரம் டோட்டோபாரா என்று ஓர் ஊர். டோட்டோ மொழியின் வீடு அதுதான். பேசுகிறவர்கள் 2,000 பேர்கூட இல்லை. தனிராம் டோட்டோ என்பவர் 2015-இல் அதற்கு எழுத்து உருவாக்கினார். 2021-இல் அந்த எழுத்து, கணினிகளுக்கான பொது எழுத்துத் தரமான யூனிகோடில் ஏறியது, 2023-இல் அவருக்குப் பத்மஸ்ரீ. பாராட்டுவோம், சரி. ஆனால் அதுவரை வங்காள எழுத்தில்தானே எழுதிவந்தார்கள்? பிள்ளைகள் பள்ளியில் படிப்பதும் அதுவே. இன்னொரு எழுத்தையும் அவர்கள் தலையில் கட்டுவானேன்?

ஏட்டுச்சுவடி:
வங்காள எழுத்து அந்த மொழிக்கு இரவல் சட்டை. டோட்டோவில் மூச்சு கலந்து ஒலிக்கும் உயிரொலிகள் உண்டு. வங்காளத்தில் அவற்றுக்கு எழுத்து ஏது? தனிராம் ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து வைத்திருக்கிறார்.

மலைப்பாதை:
மிசோரத்தின் மிசோ மொழியும் டோட்டோவைப் போலச் சீன-திபெத்தியக் குடும்பம்தான். 1894-இல் வந்த மிஷனரிகள் கொடுத்த ரோமன் எழுத்து அதன் தொனிகளை, அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்களை, முழுசாகக் காட்டுவதில்லை. மொழி செத்தா போயிற்று? செய்தித்தாளே நடத்துகிறார்கள்.

ஏட்டுச்சுவடி:
மிசோவைப் பேச லட்சக்கணக்கில் ஆள் இருக்கிறார்கள், தனி மாநிலமும் இருக்கிறது. சந்தால் பழங்குடியினரின் சந்தாலி மொழியைப் பாருங்கள். ரகுநாத் முர்மு 1925-இல் ஓல் சிக்கி எழுத்தை உருவாக்கினார், 2003-இல் அந்த மொழி அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் ஏறியது.

மலைப்பாதை:
நான் மிசோவைச் சொன்னால் ஆள்கணக்கு பார்க்கிறீர்கள். சந்தாலி பேசுவோர் அதைவிடப் பல மடங்கு ஆயிற்றே, நண்பரே!

தேநீர்க்கடை:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். 1951 கணக்கெடுப்பில் டோட்டோக்கள் 321 பேர். இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். ஆள் பெருகியும் மொழி ஏன் இளைக்கிறது? சொந்த ஊரிலேயே அவர்கள் சிறுபான்மை. அக்கம்பக்கத்தில் பேச நேபாளி, பள்ளிக்கூடத்தில் வங்காளம். டோட்டோ வீட்டுக்குள் ஒதுங்கிவிட்டது. நீங்கள் இருவரும் எழுத்தைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறீர்கள்.

ஏட்டுச்சுவடி:
அதையெல்லாம் எழுத்து மாற்றிவிடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘எழுத்தில்லாத பாஷைதானே’ என்று நாளைக்கு யாரும் ஒரு டோட்டோப் பிள்ளையிடம் சொல்ல முடியாது. அது சின்ன விஷயமா?

மலைப்பாதை:
முதல் வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு டோட்டோ பேசுகிற ஒரு வாத்தியாரைக் கொடுங்கள். அப்புறம் எந்த எழுத்தில் வேண்டுமானாலும் எழுதட்டும், நான் வாயைத் திறக்கமாட்டேன்.

ஏட்டுச்சுவடி:
வாத்தியார் வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் கையில் எந்த எழுத்தில் அச்சடித்த புத்தகத்தைக் கொடுப்பீர்கள்?