குவேக்கர்கள் ஏன் இப்படிக் குறைந்துபோனார்கள்?

கொழுந்துக்கூடை, ஹட்டன்:
குவேக்கர் ஓட்ஸ் டின்னில் தொப்பி போட்டிருக்கும் தாத்தா யாரென்று மகள் கேட்டாள், தேடப்போய் இந்தக் கதைக்குள் விழுந்துவிட்டேன். குவேக்கர் என்பது இங்கிலாந்தில் ஜோர்ஜ் ஃபொக்ஸ் தொடங்கிய கிறிஸ்தவ சபை, பாதிரியார் கிடையாது, எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள், ஆவி ஏவினால் யாரும் எழுந்து பேசலாம். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியாவில் சுமார் 60,000 பேராம், 1860 வாக்கில் 14,000 போலத்தான். ஆயிரக்கணக்கில் சிறையில் போட்டபோது வளர்ந்த கூட்டம், 1689இல் வழிபாட்டு உரிமை கிடைத்த பிறகு எப்படித் தேய்ந்தது?

லயத்துப்பிள்ளை:
தாங்களே தள்ளி வைத்துத்தான் அண்ணே. சபைக்கு வெளியே கல்யாணம் கட்டினால் பெயரை வெட்டிவிடுவார்கள். 1858இல் இதே கேள்விக்கு 100 கினி பரிசு அறிவித்துக் கட்டுரைப் போட்டி வைத்தார்கள், வென்றவர் ஜோன் ஸ்டீவன்சன் ரவுன்ட்ரீ என்ற இளைஞர். அந்த நூற்றாண்டின் முதல் பாதியில் கல்யாணம் கட்டியவர்களில் மூன்றில் ஒரு பங்கு போல இப்படியே போனார்கள் என்பது அவர் கணக்கு. போவது ஒருவரல்ல, பிறக்கப்போகும் பிள்ளைகளும் சேர்த்துத்தான். எங்கள் லயத்தில் ஒரு அக்கா வேறு சாதியில் கட்டியதற்குப் பத்து வருடம் படியேற விடவில்லை, இன்றைக்கு அவர் பிள்ளைகளுக்கு எங்கள் மாரியம்மன் திருவிழா எந்த மாதம் என்றே தெரியாது.

பதுளைக்காரி:
உடுப்பும் பேச்சும்கூட ஒரு காரணம். ஆரம்பத்தில் பெரிய மனிதரையும் 'நீ' (அன்றைய ஆங்கிலத்தில் 'thou') என்றுதான் கூப்பிட்டார்கள், தொப்பியைக் கழற்றவில்லை. தோட்டத்துத் துரையை 'நீ' என்று சொல்லிப் பாருங்கள், அது எவ்வளவு பெரிய கலகமென்று புரியும்! ஆனால் 200 வருடம் கழித்து ஊரே அந்தப் பழைய 'நீ'யை மறந்துவிட்டது, இவர்கள் மட்டும் அதையும் பழைய காலத்து உடுப்பையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கலகம் போய் யூனிஃபோம் ஆகிவிட்டது. 1860 வாக்கில்தான் கல்யாணக் கட்டுப்பாட்டையும் உடுப்பு விதியையும் தளர்த்தினார்கள். அப்புறம் கொஞ்சம் ஏறியது, பழைய எண்ணிக்கை திரும்பவில்லை.

மலைமுகில்:
குறைந்தது எங்கே என்றும் பார்க்க வேண்டும். இன்று உலகிலேயே அதிகக் குவேக்கர்கள் இருப்பது கென்யாவில், 1902இல் அமெரிக்க மிஷனரிகள் கைமோசியில் தொடங்கியது. ஆனால் அங்கே போதகர் உண்டு, பாட்டு உண்டு, மௌனம் குறைவு. மௌனத்தில் உட்காரும் சபைதான் மெலிந்தது. சின்னப் பிள்ளைகளை ஒரு மணிநேரம் சும்மா உட்காரச் சொன்னால் யார்தான் தங்குவார்கள்?

கொழுந்துக்கூடை, ஹட்டன்:
சரி, தள்ளி வைத்த கதை மனதில் தைத்துவிட்டது. ஓட்ஸ் கம்பனி பெயரை மட்டும்தான் எடுத்ததாம், சபைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மகளிடம் சொன்னேன். தேயிலையை முதன்முதலில் பக்கெட்டில் அடைத்து விற்றவர்களில் ஒருவரான ஜோன் ஹோர்னிமன் நிஜமாகவே குவேக்கர், 1826இல். அப்போது நம் மலையில் தேயிலைத் தோட்டமே கிடையாது.