தீப்பாறையா, உறைவுப்பாறையா?

உருகிய பாறைக்குழம்பு குளிர்ந்து இறுகி உண்டாகும் பாறையைத் 'தீப்பாறை' என்கிறோம். அது பாடநூல்களில் ஊன்றிவிட்ட சொல், அதைத் தொட வேண்டாம் என்று நண்பர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சொல் மாணவரைத் தவறான பக்கம் இழுக்கிறது. இலத்தீனில் 'இக்னிஸ்' என்றால் தீ. 'இக்னியஸ்' என்ற ஆங்கிலப் பெயரை நாம் அப்படியே தீயாக்கிவிட்டோம். உண்மையில் அங்கே எதுவும் எரிவதில்லை. பசால்ட் என்ற எரிமலைப் பாறையின் குழம்பு 1,000 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் சூட்டில் செக்கச்செவேலென்று ஒளிரும், அவ்வளவுதான். கிரானைட்டோ பல கிலோமீட்டர் ஆழத்தில் மிக மெதுவாகக் குளிர்ந்து இறுகியது.

'படிவுப்பாறை' அப்படியில்லை. மணலும் களிமண்ணும் சிப்பி ஓடுகளும் நீரடியில் படிகின்றன. கரைந்திருந்த உப்பும் நீர் வற்றும்போது படிகிறது. பாறை எப்படி உண்டானது என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. மற்றதற்கும் இப்படி ஒரு சொல் வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

இரண்டையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் என்ன சொல் வேண்டும் என்பது தெரிந்துவிடும். கிரானைட்டில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமங்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இடைவெளி இல்லாமல் நிற்கும். மணற்கல்லில் உருண்ட மணிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கும். நடுவே ஏதோ ஒரு பசைப்பொருள், சில இடங்களில் வெற்றிடம். பல மணற்கற்கள் மேலே விட்ட நீர்த்துளியை உறிஞ்சுவது அதனால்தான். இத்தனைக்கும் அந்த மணிகளில் பல, என்றோ சிதைந்த கிரானைட்டின் குவார்ட்சாகவே இருக்கலாம். பொருள் ஒன்றேதான், திடமான விதம்தான் வேறு. அந்த விதத்துக்குத் தமிழில் 'உறைதல்' இருக்கிறது. மெழுகு உறைகிறது, இரத்தம் உறைகிறது.

இது வெறும் சொல்லாசை இல்லை. 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய நிலவியலாளர் வெர்னரின் வழிவந்தவர்கள் கிரானைட்டே கடல்நீரிலிருந்து படிந்தது என்றார்கள். 1785இல் ஸ்காட்லாந்தின் கிளென் டில்ட் பள்ளத்தாக்கில் நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன், பழைய பாறைக்குள் கிரானைட் கிளைகிளையாக ஊடுருவியிருப்பதைக் கண்டார். உருகி ஓடியது மட்டுமே அப்படி நுழைய முடியும். படிந்ததா உறைந்ததா என்பதுதான் அன்றைய வழக்கே!

முதலில் 'உறைபாறை' என்றே எழுதினேன். வினைத்தொகை, ஒற்று மிகாது. ஆனால் யாராவது ஒரு 'ப்' சேர்த்துவிட்டால், மேலே மூடும் உறை என்று பொருள் மாறிவிடும். 'உறைவுப்பாறை' என்றால் அந்தக் குழப்பம் இல்லை, படிவுப்பாறைக்கும் சரியான இணை. ஆழத்தில் உறைந்ததை ஆழ்நிலை உறைவுப்பாறை என்றும், வெளியே வழிந்து உறைந்ததை மேல்நிலை உறைவுப்பாறை என்றும் பிரிக்கலாம்.

ஒரு சிக்கல் உண்டு. எரிமலைச் சாம்பல் காற்றிலிருந்து விழுந்து, அடுக்கடுக்காகப் படிந்து இறுகி உண்டாகும் டஃப் பாறையை எதில் சேர்ப்பது? சாம்பல் துகள்கள் படிவதற்கு முன்பே உறைந்துவிட்டவை. ஆகவே உறைவுப்பாறையில்தான் சேர்ப்பேன். ஆனால் அதன் அடுக்குகளைப் பார்ப்பவருக்குப் படிவு என்ற சொல்தான் முதலில் வாயில் வரும். அதற்கு மட்டும் 'சாம்பற்பாறை' என்று தனிப்பெயர் கொடுத்துவிடலாமா?