மறு: 'கிறிஸ்டியன் ஜியோனிசம்' – தமிழில் என்ன சொல்?

சென்னையிலிருந்து:

அன்புடைய குழுவினருக்கு, வணக்கம். அமெரிக்க அரசியலில் சமயத்தின் இடம் பற்றிய பாடநூல் ஒன்றை முதுகலை மாணவர்களுக்காகத் தமிழாக்கி வருகிறேன். ஏழாம் இயல் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். யூதர்கள் பாலஸ்தீனத்துக்குத் திரும்பி அரசு அமைப்பது வேதாகமத் தீர்க்கதரிசனத்தின் நிறைவேற்றம் என்று நம்பி, அதற்காக அரசியலில் உழைக்கும் கிறிஸ்தவர்களின் இயக்கமே அவ்வியலின் பொருள். 1891இல் வில்லியம் பிளாக்ஸ்டோன் 413 பேரின் கையொப்பத்துடன் அதிபர் பெஞ்சமின் ஹாரிசனுக்கு அளித்த மனுவில் தொடங்கி, 1979இல் போதகர் ஜெர்ரி ஃபால்வெல் நிறுவிய 'மாரல் மெஜாரிட்டி' என்ற சமய அரசியல் அமைப்பின் வழியாக, 2018 மே 14இல் ஜெருசலேமில் அமெரிக்கத் தூதரகம் திறக்கப்பட்டபோது போதகர் ஜான் ஹேகி ஏறெடுத்த ஜெபம் வரை அது போகிறது. 'கிறிஸ்தவ ஜியோனிசம்' என்று எழுதி அனுப்பினேன். 'இது தமிழாக்கமா?' என்று சிவப்பு மையில் கேட்டு மேலாய்வாளர் திருப்பிவிட்டார். உதவுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து:

அம்மையீர், மேலாய்வாளர் கேட்டதில் தவறில்லை. 'ஜி' தமிழ் எழுத்தன்று, 'இசம்' தமிழ் ஈறன்று. இரண்டையும் களைந்தால் நடுவில் 'யோன்' மட்டும் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்கும். வடசொல்லையே 'வடவெழுத்து ஒரீஇ', அதாவது வடவெழுத்தை நீக்கி, எழுதச் சொன்ன மரபு நம்முடையது. பொருளை நோக்கிப் பெயரிடுவோம். தம் முன்னோரின் புனித நாட்டை மீண்டும் பெறுதல்தானே கொள்கை? பெண்ணியம், மார்க்சியம் என்பவற்றை ஒட்டி 'திருநாட்டு மீட்பியம்' எனலாம். கிறித்தவர் கொண்டால் 'கிறித்தவத் திருநாட்டு மீட்பியம்'. ஒற்றை விட்டுவிடாதீர்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து:

ஐயாவின் சொல்லை ஒரு வைணவர் படித்தால் யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறுவார். 'திருநாட்டுக்கு எழுந்தருளினார்' என்றால் அவர்கள் மரபில் காலமானார் என்று பொருள். 'மீட்பு' என்றால் கத்தோலிக்கருக்கு ஆன்ம இரட்சிப்பு. எருசலேமுக்கு வேதம் தரும் பெயராகச் சபைகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் 'சீயோன்' இருக்க, நாம் ஏன் அலைய வேண்டும்? தொல்காப்பியர் சகரத்தை மொழிமுதலில் அ, ஐ, ஔ ஆகிய மூன்றோடுதான் விலக்கினார். ஈகாரத்தோடு வரத் தடையில்லை. 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்ற நன்னூல் விதிப்படி சீயோன் + இயம் = சீயோனியம்.

ஆனால் எனக்கு வேறு ஐயம் இருக்கிறது. இது சீயோனியத்தில் ஒரு வகையா, கிறிஸ்தவத்தில் ஒரு வகையா? நம் மொழியில் தொடரின் கடைசிச் சொல்தான் தலைமை தாங்கும். 1897இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் தியோடர் ஹெர்சல் யூதர்களின் முதல் சீயோனிய மாநாட்டைக் கூட்டியது ஐரோப்பாவின் யூத வெறுப்பிலிருந்து தம் மக்கள் தப்புவதற்காக. அங்கே பேச்சு தீர்க்கதரிசனத்தைப் பற்றியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போதகர் ஜான் நெல்சன் டார்பியின் வழிவந்தோருக்கோ, யூதர் திரும்புவது கிறிஸ்துவின் இரண்டாம் வருகைக்கு முந்திய ஒரு கட்டம். அதன் முடிவில் யூதரில் எஞ்சியோர் கிறிஸ்துவை ஏற்றுக்கொள்வார்கள். ஹெர்சல் இதில் கையொப்பமிட்டிருக்க மாட்டார். ஆகவே 'சீயோனியக் கிறிஸ்தவம்' என்பதே சரி.

டார்பியின் காலப்பகுப்புக் கொள்கைக்கும் (ஆங்கிலத்தில் 'டிஸ்பென்சேஷனலிசம்') சொல் தேவைப்படும் என்பதால் இதையும் சேர்த்துவிடுகிறேன். 1909இல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் வரலாற்றை ஏழு காலங்களாகப் பிரித்து, அமெரிக்கச் சபைகளில் அக்கொள்கையை வேரூன்றச் செய்தன. மூலக் கிரேக்கச் சொல் 'ஒய்கொனோமியா', அதாவது வீட்டு நிர்வாகம். நம் வேதாகமம் எபேசியர் 1:10இல் அதை 'நியமம்' என்கிறது. 1 கொரிந்தியர் 9:17இல் அதே சொல் 'உக்கிராண உத்தியோகம்' ஆகிறது. கல்யாண வீட்டில் உக்கிராணச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, எந்தப் பந்திக்கு எவ்வளவு அரிசி என்று அளந்து கொடுக்கும் மாமாவைப் பார்த்தவர்களுக்கு இக்கொள்கை உடனே விளங்கும்: ஒவ்வொரு பந்திக்கும் ஓர் அளவு, ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு நியமம். 'நியமவியம்' என்று முன்மொழிகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

பந்தி முடிந்துவிட்டதென்றால் நான் கொஞ்சம் பேசலாமா? முப்பது வருடமாகச் செய்தி எழுதுகிறேன். 'சியோனிசம்', 'ஜியோனிசம்' என்ற இரண்டும் வாசகருக்குத் தெரியும். 'சீயோனியம்' என்றால் ஏதோ கனிமம் என்று நினைப்பார்கள். 'மீட்பியம்' அதைவிட மோசம்: மீட்பதென்றால் யாரிடமிருந்து? சொல்லுக்குள்ளேயே வழக்கைத் தீர்த்துவிடுகிறீர்கள்.

சீயோன் பிரசங்க மேடையின் சொல். அதை அரசியல் இயக்கத்துக்குச் சூட்டினால், இயக்கமும் வேதமும் ஒன்றென்று நாமே ஒப்புக்கொண்டதாக ஆகும். எல்லாக் கிறிஸ்தவர்களும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 2006 ஆகஸ்டில் எருசலேமின் இலத்தீன் முதுபெரும் தந்தை மிஷேல் சபா, லுத்தரன் ஆயர் முனிப் யூனான் முதலிய நால்வர், இக்கோட்பாட்டைப் பொய்ப்போதனை என்று கூறி மறுத்து அறிக்கை விட்டார்கள். அவர்களும் இதே வேதத்தைத்தான் வாசிக்கிறார்கள், அந்த மண்ணிலேயே இருந்துகொண்டு.

சென்னையிலிருந்து:

நீங்கள் சொன்ன பிறகுதான் என் உண்மையான சிக்கல் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. இயலின் கடைசிப் பகுதி 2025 ஜூனில் ஊடகவியலாளர் டக்கர் கார்ல்சன் அமெரிக்கச் செனட்டர் டெட் குரூஸைக் கண்ட நேர்காணலைப் பற்றியது. இருவரும் பழமைவாதிகள், இருவரும் கிறிஸ்தவர்கள். இஸ்ரேலை ஆசீர்வதிப்போர் ஆசீர்வதிக்கப்படுவர் என்று ஞாயிறு பள்ளியில் கற்றதாகக் குரூஸ் சொல்கிறார். அது வேதத்தில் எங்கே உள்ளது, அங்கே குறிப்பிடப்படுவது இன்றைய அரசாங்கமா என்று கார்ல்சன் கேட்கிறார். குரூஸுக்கு அதிகாரமும் வசனமும் உடனே சொல்ல வரவில்லை.

ஆங்கிலத்தில் வேதத்து மக்கள், இன்றைய அரசு ஆகிய இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், சண்டையே அதனால்தான். தமிழிலோ வேதத்தில் 'இஸ்ரவேல்', நாளிதழில் 'இஸ்ரேல்'. கத்தோலிக்கரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பில் 'இஸ்ரயேல்'. குரூஸின் வாயில் நான் எதை வைப்பது? 'இஸ்ரவேல்' என்றால் கார்ல்சனின் கேள்வி புரியாமல் போகும். 'இஸ்ரேல்' என்றால் குரூஸ் முதல் வரியிலேயே தோற்றுவிடுவார்.

பாளையங்கோட்டையிலிருந்து:

அருமையான கேள்வி, அம்மா. அவர் தேடிய வசனம் ஆதியாகமம் 12:3: 'உன்னை ஆசீர்வதிக்கிறவர்களை ஆசீர்வதிப்பேன், உன்னைச் சபிக்கிறவனைச் சபிப்பேன்'. 'உன்னை' என்பது ஒருமை, கேட்பவர் ஆபிராம். ஆசீர்வதிப்பவர் பன்மை, சபிப்பவன் ஒருமை. எபிரேயத்திலும் அப்படியே, சபிக்கிறவன் ஒருவனாவது இருப்பான் என்பது போல. இஸ்ரவேல் என்ற பெயரே இருபது அதிகாரங்கள் கழித்துத்தான் யாக்கோபுக்குக் கிடைக்கிறது. ஆனால் கார்ல்சன் பக்கம் முழுவதும் சாய்ந்துவிடவும் முடியாது. முந்தைய வசனம் 'உன்னைப் பெரிய ஜாதியாக்கி' என்கிறது. அங்கே ஜாதி என்றால் தேசத்து மக்கள். ஒருவனை விளித்து அவன் வழித்தோன்றல்களையும் குறிப்பது எந்த மொழிக்கும் புதிதன்று.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வழித்தோன்றல் சரி, ஐயா. வழித்தோன்றலுக்கும் அமைச்சரவைக்கும் இடையில் ஒரு 'வே' இருக்கிறது. அதை எடுப்பதா வைப்பதா என்பதுதான் அமெரிக்காவில் நடக்கும் சண்டை.

தஞ்சாவூரிலிருந்து:

வேதாகமத் தமிழையே அளவுகோலாகக் கொண்டால் 'ஜாதி' என்று எழுதவும் நேரும், 'ஜ' மீண்டும் உள்ளே நுழையும். 'மீட்பு' பக்கம் சாய்கிறது என்பதை ஏற்கிறேன். 'சீயோன்பற்று' என்று மாற்றிக்கொள்கிறேன். பற்று யாருக்கும் இருக்கலாம். 'இயம்' என்ற ஈறே மிகையாகிவிட்ட காலம் இது.

சென்னையிலிருந்து:

குழுவினருக்கு நன்றி. இன்று வியாழன் இரவு, முடிவெடுத்துவிட்டேன். ஹெர்சலின் இயக்கத்துக்குச் 'சியோனிசம்' என்ற நாளிதழ்ச் சொல்லையே வைத்திருக்கிறேன்; மேலாய்வாளரிடம் நானே பேசிக்கொள்கிறேன். கிறிஸ்தவ இயக்கத்துக்குக் 'கிறிஸ்தவச் சீயோனியம்'. வேதத்தின் பெயரை உரிமை கொண்டாடுவது அவ்வியக்கமே என்பதால் வேத எழுத்து அதற்குத் தகும். 'நியமவியம்' மாணவருக்கு எட்டாது, 'காலப்பகுப்புக் கொள்கை' போதும். நேர்காணலில் குரூஸ் பேசுமிடத்தில் 'இஸ்ரவேல்', கார்ல்சன் பேசுமிடத்தில் 'இஸ்ரேல்'. ஏன் என்று அடிக்குறிப்பில் இரண்டு வரி எழுதியிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஒரு சொல்லை இருவருக்கும் இரண்டாகப் பிரித்துக் கொடுத்தால், அவர்கள் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டதாகத்தானே மாணவர் விளங்கிக்கொள்வார்? சண்டையே காணாமல் போய்விடுமே. என் மறுப்பைப் பதிந்துவையுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து:

தலைச்சொல் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை.