மெட்டாடேட்டா: ‘மீதரவு’ என்றால் மீந்த தரவா?

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு செய்திச் செயலியின் தமிழாக்கத்தில் இரண்டு வாரமாக ஒரே சரத்தில், அதாவது திரையில் தெரியும் ஒரு வாசகத்தில், மாட்டிக்கொண்டு நிற்கிறேன். “உங்கள் செய்திகளை எங்களால் படிக்க முடியாது, மெட்டாடேட்டாவையும் நாங்கள் சேமிப்பதில்லை.” இவ்வளவுதான் சரம். முதல் பாதி பத்து நிமிட வேலை. இரண்டாம் பாதியில் ‘மீதரவு’ என்று போட்டு, வழக்கம்போல் அம்மாவிடம் காட்டினேன். “மீந்துபோன தரவா? மீந்ததை எதுக்குச் சேமிக்கணும்?” என்றார். ராத்திரிச் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றிவைத்துக்கொண்டே கேட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சரி என்று ‘மேனிலைத் தரவு’ ஆக்கினேன். “மேல்நிலைப் பள்ளி மாதிரியா?”

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. மீயுரை (ஹைப்பர்டெக்ஸ்ட்), மீக்கணினி (சூப்பர் கம்ப்யூட்டர்) போன்றவற்றில் ‘மீ’ நன்றாகவே வேலை செய்கிறது. ‘தரவைப் பற்றிய தரவு’ என்ற வரையறையும் நூலகத்தில் அட்டவணை போடுகிறவருக்குப் போதும். இந்தச் சரத்தைப் படிக்கிறவருக்கு வேண்டியது வேறு: யாரிடம் பேசினேன், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்த டவருக்குப் பக்கத்தில் இருந்தபடி பேசினேன் என்பதெல்லாம் பேச்சுக்கு வெளியே ஓர் ஓரமாகப் பதிவாகிறது என்று அவருக்குப் புரிய வேண்டும். ‘மேனிலை’ என்றால் ஏதோ உயர்ந்த சங்கதி, நமக்கில்லை என்று தாண்டிப் போய்விடுவார்.

2013 ஜூனில், அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வின் ரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடனின் ஆவணங்கள் வெளிவந்தபோது முதலில் அடிபட்டதே இதுதான். வெரைசன் தொலைபேசி நிறுவன வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரங்களை என்.எஸ்.ஏ. அன்றாடம் மொத்தமாக வாங்கிக்கொண்டிருந்தது. யாரும் உங்கள் அழைப்பை ஒட்டுக்கேட்கவில்லை என்று ஒபாமா சமாதானம் சொன்னார். அதில் பொய் இல்லை, கேட்கத் தேவையும் இல்லை. என்.எஸ்.ஏ.வுக்கும் சி.ஐ.ஏ.வுக்கும் தலைவராக இருந்த மைக்கேல் ஹேடன், மெட்டாடேட்டாவை வைத்தே ஆட்களைக் கொல்கிறோம் என்று 2014-இல் ஒரு மேடையில் வாய்விட்டே சொன்னார். அதை ‘மீதரவு’ என்று எழுதிப் பார்த்தேன், கை கூசுகிறது.

என் அப்பா முத்தியால்பேட்டையில் தபால்காரராக இருந்தவர். அப்போது எங்கள் பக்கம் சொல்தா வீடுகள் உண்டு. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள் பாரீசில். ஓரத்தில் நீலமும் சிவப்புமாகக் கோடு போட்ட விமானத் தபால் உறைகள் வரும். அப்பா ஒரு கடிதத்தைக்கூடப் பிரித்ததில்லை. ஆனால் எந்த வீட்டுப் பிள்ளை மாதம் தவறாமல் எழுதுகிறான், எவன் கல்யாணத்துக்கு அப்புறம் நிறுத்திவிட்டான், எந்த வீட்டுக்கு வக்கீல் முத்திரை வைத்த உறை வரத் தொடங்கியிருக்கிறது, எல்லாம் தெரியும். ஒருநாள் ஒரு பாட்டியிடம் உறையை நீட்டும்போதே, “பேரன் வீடு மாறிட்டாரு போலிருக்கே” என்று சொல்லிவிட்டார். அனுப்புநர் முகவரியில் ஊர் மாறியிருந்தது. பாட்டி கடிதத்தை இன்னும் பிரிக்கவே இல்லை. அதன்பிறகு அந்த வீட்டில் அப்பாவுக்கு மோர் கிடைக்கவில்லை.

உறைமேல் எழுதுவதை அந்தத் தலைமுறை ‘மேல்விலாசம்’ என்றது. அதிலிருந்து ‘மேல்விவரம்’ என்று எடுக்கலாமா? உள்ளே கடிதம், மேலே விவரம். கருத்து சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

*

அண்ணே, வணக்கம்.

மேல்விவரம் காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் ஓடாது. எங்கள் தெருக்கோடிச் சுவரில் வீட்டுமனை விளம்பரம் ஒன்று ஒட்டியிருக்கிறது. அடியில் ‘மேல் விவரங்களுக்கு’ என்று போட்டு ஒரு கைப்பேசி எண். தமிழ்நாடு முழுக்க இதே கதைதான். “மேல்விவரங்களை நாங்கள் சேமிப்பதில்லை” என்றால், இதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது, போய் வா என்று அர்த்தமாகிவிடும்.

உறையை மட்டும் வைத்து யோசிப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. படத்துக்கு உறை ஏது? கைப்பேசியில் எடுத்த படத்துக்குள்ளேயே நேரம், கருவியின் பெயர், இருப்பிடம் காட்டும் வசதி திறந்திருந்தால் அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் உட்கார்ந்திருக்கும். 2012-இல் தலைமறைவாக இருந்த, வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெயர்பெற்ற ஜான் மெக்காஃபி மாட்டியது அப்படித்தான். பேட்டி எடுக்கப் போன பத்திரிகை படத்தை அப்படியே வலையேற்ற, ஆள் குவாத்தமாலாவில் இருப்பது ஊருக்கே தெரிந்தது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்த விவரம் கழன்றுவிடும், ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் கூடவே போகும். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்கள் துறைமுகத்துக்கு வந்து பாருங்கள். என் மாமா விசைப்படகு வைத்திருக்கிறார். பக்கத்துப் படகு ராத்திரி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை பார் ஐஸ் ஏற்றியது, எவ்வளவு டீசல் போட்டது, திரும்பி வரும்போது தண்ணீரில் எவ்வளவு அமுங்கி வருகிறது என்று கரையில் நின்றே கணக்குப் போடுவார். பெட்டியைத் திறக்கும் முன்னாலேயே அவன் எந்தப் பக்கம் வலை போட்டான், மீன்பாடு எப்படி என்று சொல்லிவிடுவார், பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதே மாமா தன் ஜி.பி.எஸ். கருவியை மூத்த மகனிடம்கூடக் கொடுக்க மாட்டார். “மீனு வேணும்னா எடுத்துக்கோ, பாயிண்டை மட்டும் கேக்காதே” என்பார். மீனை விட மீன் கிடைத்த இடத்தைப் பொத்திவைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. செயலி செய்கிறவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

அதனால் என் சொல் ‘புறவிவரம்’. பெட்டிக்குப் புறத்தே தெரிவது. படத்துக்கும் பொருந்தும், அழைப்புக்கும் பொருந்தும்.

கடலூர் முதுநகர்

*

தம்பிகளுக்கு,

தமிழாசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடமிருந்து இலக்கணப் பிரம்பு வரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சிறிய பிரம்புதான்.

‘தரவு’ என்ற சொல்லை விட்டுவிட்டு இருவரும் ‘விவரம்’ பக்கம் சாய்ந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. தரவு என்றால் என் மூளை இன்னும் கலிப்பாவின் முதல் உறுப்புக்குத்தான் போகிறது. அது என் குறை. ‘விவரம்’ வடசொல்லாயிற்றே என்று யாராவது வருவார்கள். வரட்டும். விவரமான ஆள், விவரம் தெரியாத பிள்ளை என்று வீட்டுக்குள் வந்து குடியேறிய சொல்லைக் கிளப்ப எனக்கு மனமில்லை.

‘புறம்’ பற்றி ஒரு தடை வரும். கணினியோடு இணைக்கும் கருவிகளைப் புறச்சாதனம் என்கிறோம், அதனால் புறவிவரம் என்றால் வெளியிலிருந்து வந்த விவரம் என்று படிக்கலாம். ஆனால் புறங்கூறுதல் என்றும் நமக்கு ஒரு சொல் இருக்கிறது. நாம் இல்லாத இடத்தில் நம்மைப் பற்றிப் பேசுவது. நம் கைப்பேசி, நிறுவனங்களிடம் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறது? இந்த வாடை சொல்லில் ஏறினால் நல்லதே என்பேன்.

புதுச்சேரிக்காரனாக ஒன்று. 2021 சட்டமன்றத் தேர்தல் நேரத்தில் இங்கே வாக்காளர்களின் கைப்பேசிக்கு ஒரு கட்சியின் பெயரில் குறுஞ்செய்திகள் வந்து, வாக்குச்சாவடி வாரியாக அமைத்த வாட்ஸ்அப் குழுக்களுக்கு இணைப்பும் வந்து, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது நினைவிருக்கும். செய்தியில் என்ன எழுதியிருந்தது என்பதை என் தெருவில் யாரும் பேசவில்லை. “நான் இந்த பூத்துன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றுதான் பேசினார்கள். ஒரு எண்ணும் ஒரு வாக்குச்சாவடியும் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று அன்றைக்குப் புரிந்தது. அதற்கு ஒரு பெயர்தான் இல்லை.

‘கண்காணிப்பு’ பற்றியும் எழுத ஆசை. மருத்துவமனையில் ‘தீவிரக் கண்காணிப்பில்’ என்றால் அக்கறை. தேயிலைத் தோட்டத்துக் கங்காணியும் அதே சொல்லின் பிள்ளைதான். திருக்குறளில் ஒற்றாடலுக்கு, அதாவது உளவு பார்ப்பதற்கு, தனி அதிகாரமே உண்டு, ஆனால் இன்று ஒற்று என்றால் வலிமிகும் இடம் மட்டுமே பிள்ளைகளுக்குத் தெரியும். இதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

லாஸ்பேட்டை

*

ஐயாவுக்கும் முதுநகர்த் தம்பிக்கும் நன்றி.

மேல்விவரத்தைத் திரும்பப் பெறுகிறேன். அப்பாவின் மேல்விலாசத்தை விட மனம் வரவில்லைதான், ஆனால் வீட்டுமனை விளம்பரத்தோடு மல்லுக்கட்ட முடியாது.

புறவிவரத்தை நான்கைந்து சரங்களில் ஓட்டிப் பார்த்தேன். சிக்னல் செயலியிடம் 2016-இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை ஒன்று போனது. அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே விவரம்: கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். “புறவிவரமாகக் கைவசம் இருந்தது இரண்டே” என்று எழுதினேன், தடுக்காமல் போகிறது. “2016 முதல் வாட்ஸ்அப் செய்திகள் முழுக்க மறையாக்கத்தில் போகின்றன, புறவிவரத்துக்கு அந்தக் காப்பு இல்லை” என்பதும் போகிறது. நம் நாட்டுத் தொலைபேசி நிறுவனங்கள் அழைப்புப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதியை மாற்றினார்களே, அதை எழுதும்போது மட்டும் தடுக்குகிறது. காவல் நிலையத்திலிருந்து பத்திரிகை வரை எல்லாரும் அதை ‘சி.டி.ஆர்.’ (கால் டீடெய்ல் ரெக்கார்டு) என்கிறார்கள். அங்கே போய்ப் புறவிவரம் என்றால் ஒருவருக்கும் புரியாது. அதை ‘அழைப்புப் பதிவு’ என்று தனியாகவே விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

அம்மாவிடம் புதுச் சரத்தைக் காட்டினேன். “புறவிவரம்னா என்ன, யார் யார்கூடப் பேசினோம்ங்கிற கணக்கா?” என்றார். ஆமாம் என்றேன். “உங்கப்பா வச்சிருந்த மாதிரி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒரு சிக்கல் மிச்சம். படம் அனுப்பும் திரையில் ஒரு பொத்தான் உண்டு. ‘புறவிவரங்களை நீக்கு’ என்று போட்டால் சின்னக் கைப்பேசியில் ‘புறவிவரங்க…’ என்று வெட்டுப்படுகிறது. பன்மையையும் உருபையும் எடுத்துவிட்டு ‘புறவிவரம் நீக்கு’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். இது போதுமா ஐயா, இல்லை பிரம்பு வருமா?

முத்தியால்பேட்டை