சுழலா, சுழியா, சுழிப்பா?

அன்பு நண்பர்களே,

குழாய்க்குள் மெதுவாக இறங்கும் காந்தத்தை விளக்க 'சுழல் மின்னோட்டம்' (eddy current) என்ற சொல்லே போதும், பாடநூலில் பழகிய சொல்லை ஏன் கலைக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை வரை என் எண்ணமும் அதுவே.

அன்று அண்ணன் மகளுக்குச் சோதனையைச் செய்து காட்டினேன். ஒரு மீட்டர் நீளத்தில் தடித்த அலுமினியக் குழாய். அதற்குள் உரசாமல் நுழையும் நியோடிமியக் காந்தம். குழாயில் காந்தம் ஒட்டாது என்பதை முதலில் அவளே தொட்டுப் பார்த்தாள். ஒரு போல்ட்டை உள்ளே போட்டோம்; அரை நொடிக்குள் தரையில் 'டங்'. காந்தத்தைப் போட்டோம், சத்தமே இல்லை. குழாயின் வாயில் கண்ணை வைத்துப் பார்த்தவள், "சித்தப்பா, தயங்கித் தயங்கி இறங்குகிறது" என்றாள். சில நொடிகள் கழித்துத்தான் கீழே வந்து விழுந்தது.

காந்தம் இறங்க இறங்கக் குழாயின் சுவரில் காந்தப்புலம் மாறுகிறது. 1831இல் ஃபாரடே கண்டறிந்தபடி அங்கே மின்னோட்டம் தூண்டப்படுகிறது. லென்ஸ் விதிப்படி அது, தன்னைத் தோற்றுவித்த மாற்றத்தையே எதிர்த்து நிற்கிறது. இவ்வளவும் சொல்லி, "இதன் பெயர் சுழல் மின்னோட்டம்" என்றேன். உடனே கேட்டாள்: "எது சுழல்கிறது? காந்தமா, குழாயா?"

அவள் கேட்டது நியாயம். சுழல் நாற்காலி, சுழல் விளக்கு என்றால் பொருளே சுழல்கிறது. இங்கே சுழல்வது எதுவுமில்லை. உலோகத்துக்குள் மின்னோட்டம் வளைந்து தன்னிடமே திரும்பி வருகிறது. பாலத்தூணைக் கடந்த ஆற்றுநீர் செய்வதும் அதுதான். eddy என்ற ஆங்கிலச் சொல்லும் நீரிலிருந்து எடுத்ததே.

அப்படியானால் 'சுழி மின்னோட்டம்' என்னலாமே என்று முன்பே ஒருவர் எழுதினார். நீர்ச்சுழி நமக்கு நன்கு தெரிந்த சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் நம் இயற்பியல் நூல்களில் சுழி என்றால் பூஜ்ஜியம். 'கம்பியில் சுழி மின்னோட்டம்' என்று படிக்கும் மாணவர் மின்னோட்டமே இல்லை என்று எடுத்துக்கொள்வார். இந்த ஒன்றுக்காகவே அதை விட்டுவிட வேண்டும்.

என் பரிந்துரை: சுழிப்பு மின்னோட்டம். 'ஆறு சுழித்து ஓடுகிறது' என்று நாம் சொல்லும் அதே வினையிலிருந்து வருகிறது. கிளைச்சொற்களும் இடறாமல் அமைகின்றன. மின்மாற்றியின் உள்ளகத்தை ஒரே இரும்புக் கட்டியாக வார்க்காமல் மெல்லிய தகடுகளாக அடுக்குவது எதற்கு? சுழிப்பிழப்பைக் குறைக்க, அதாவது சுழிப்பு மின்னோட்டத்தால் வெப்பமாக வீணாகும் ஆற்றலைக் குறைக்க. பழைய மின்மீட்டரின் அலுமினியத் தட்டைக் காந்தம் மட்டுப்படுத்துவது எப்படி? சுழிப்புத் தடையால்.

குழாயை நெடுக ஓர் இழையளவு அறுத்துவிட்டுக் காந்தத்தைப் போட்டுப் பாருங்கள். முன்னைவிட விரைவாக விழும். சுவரைச் சுற்றிவரும் வழி அறுந்துவிட்டது. ஆனாலும் போல்ட்டைப் போல விழாது; அறுபடாத பரப்பில் சிறு சிறு சுழிப்புகள் இன்னும் இருக்கின்றன. இந்தக் கடைசி வாக்கியத்தில் 'சுழல்கள்' என்று மாற்றி எழுதிப் பார்த்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.