தமிழ்க் குறுஞ்செய்திக்கு இரட்டைக் கட்டணம்: ரோமன் எழுத்துக்கு மாறலாமா?

சேலத்து நிரலர்:
வணக்கம். சேலத்தில் மென்பொருள் பணியில் இருக்கிறேன். ஏற்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் காப்பி பயிரிடும் சிறு விவசாயிகள் சிலருக்கு, மழை வரும் முன்பே குறுஞ்செய்தி அனுப்பும் நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்துள்ளேன். களத்தில் காயும் காப்பி நனைந்தால் பூசணம் பிடித்து விலை இறங்கிவிடும். தோட்டங்களுக்குள் இணையம் நிலையாகக் கிடைப்பதில்லை. கைபேசி தொடர்பெல்லைக்கு வெளியே இருந்தாலும் குறுஞ்செய்தி காத்திருந்து பிறகு இணையமின்றியே வந்து சேர்கிறது என்பதால் வாட்ஸ்அப்பைத் தவிர்த்தேன். செய்தியில் இடைவெளி உட்பட 62 எழுத்துகளே உள்ளன. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு செய்திக்கான கட்டணம் பிடிக்கிறார்கள். அதே செய்தி ஆங்கிலத்தில் ஒன்றாகவே கணக்காகிறது. தமிழை ரோமன் எழுத்தில் அனுப்பினால் செலவு பாதியாகும், அவ்வாறு செய்யலாமா?

மலையடிவாரம்:
கட்டணத்தில் பிழை இல்லை, நண்பரே. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட், அதாவது 1120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்துகள் அடங்குகின்றன. தமிழை யூனிகோட் என்னும் பன்மொழி எழுத்துக் குறியீட்டு முறையில் அனுப்பும்போது ஒவ்வொரு குறியீட்டுக்கும் 16 பிட் வேண்டியிருப்பதால் 70 மட்டுமே அடங்கும். அந்த 70-உம் நாம் எண்ணும் எழுத்துகள் அல்ல. மெய்யின் புள்ளி, துணைக்கால், கொம்பு ஆகிய ஒவ்வொன்றும் தனிக் குறியீடு. 'சேலம்' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறியீடு. 'ஏற்காடு' நான்கு எழுத்து, ஏழு குறியீடு. எனவே உங்கள் 62 எழுத்துகள் 70-ஐ எளிதில் தாண்டிவிடும். தாண்டியதும் செய்தி துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டும் ஒரு செய்தியாகக் கணக்காகும். துண்டுகளை இணைப்பதற்கான தலைப்புத் தகவல் 6 பைட்டை எடுத்துக்கொள்வதால் துண்டுக்கு 67 குறியீடுகளே மிஞ்சுகின்றன.

இன்னொன்றையும் சோதியுங்கள். 'கொ' என்பதை இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். 'கெ'யுடன் துணைக்காலைச் சேர்த்து மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரையில் இந்தப் பிரிந்த வடிவத்தை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன். அனுப்பும் முன் யூனிகோடின் என்எஃப்சி (NFC) எனப்படும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இவை சேர்ந்துவிடும். எழுத்துகள் ஒட்டாமலிருக்க இடையில் இடப்படும், கண்ணுக்குத் தெரியாத இணைப்பிலிக் குறிகள் இருந்தால் அவற்றையும் நீக்குங்கள்.

நாகலூர் வாசகி:
ஐயா, தயவுசெய்து ரோமன் எழுத்துக்கு மாறாதீர்கள். என் தந்தைக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தமிழ்ச் செய்தியைத் தாமே படித்துவிடுவார், ரோமன் எழுத்தில் வந்தால் நான் வீடு திரும்பும்வரை கைபேசியை வைத்துக்கொண்டு காத்திருப்பார். அதற்குள் மழையே பெய்துவிடும். மேலும், சிலர் தட்டச்சிடும் வழக்கப்படி எம், ஏ, எல், ஏ, ஐ என்று எழுதினால் மலை, மாலை, மழை மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. மழைக்காகவே அனுப்பும் செய்தியில் மழை என்ற சொல்லே ஐயத்துக்கு இடமாகலாமா?

சேலத்து நிரலர்:
இருவருக்கும் நன்றி. அம்மா, நீங்கள் காட்டிய மூன்று சொற்களைப் பார்த்ததும் ரோமன் எண்ணத்தைக் கைவிட்டேன். குறியீடுகளை எண்ணும் சிறு சோதனையை நிரலில் சேர்த்துப் பார்த்தேன். பழைய செய்தி 97 குறியீடு வந்தது. அதில் வணக்கமும், அனுப்புநர் பற்றிய ஒரு வரியும், 'வாய்ப்புள்ளதாகத் தெரிகிறது' போன்ற நீட்டல்களும் இருந்தன. புதிய செய்தி இது:

"நாளை பிற்பகல் மழை. களத்துக் காப்பியை மூடி வைக்கவும்."

52 குறியீடு. நாளும் வேளையும் மாறினாலும் 70-க்குள் நிற்கும். வாசகத்தை மாற்றினால் தொலைத்தொடர்பு விதிப்படி வார்ப்புருவை, அதாவது செய்தியின் மாதிரி வாசகத்தை, மீண்டும் பதிய வேண்டும் என்பதால் இன்றே விண்ணப்பித்துவிட்டேன்.

மலையடிவாரம்:
வார்ப்புருவைப் பதியும்போது அதனை யூனிகோட் வகை என்றே குறிப்பிடுங்கள். தவறினால் தமிழுக்குப் பதிலாக வெறும் கேள்விக்குறிகள் போய்ச் சேரக்கூடும்.